பெயர் தெரியும், ஆள் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஒரு கணினி இன்னொரு கணினியை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்த பிறகு அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சர்வீஸ் டிஸ்கவரி, ரவுட்டிங் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். இரண்டுமே 'எங்கே போக வேண்டும்' என்பதைத்தானே சொல்கின்றன? ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி

பதில்: நண்பர் ஒருவர் வீடு மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது விலாசம் என்ன என்று நாலு பேரிடம் விசாரிப்பது ஒரு வேலை. விலாசம் கையில் கிடைத்த பிறகு எந்தத் தெருவில் திரும்பினால் சீக்கிரம் போகலாம் என்று பார்ப்பது வேறொரு வேலை. முதலாவது டிஸ்கவரி, இரண்டாவது ரவுட்டிங். 'பில் போடும் சேவை எங்கே ஓடுகிறது' என்று ஒரு நிரல் கேட்டால், ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல் பதிலாக வருகிறது. அதற்கப்புறம் அந்த முகவரிக்குப் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டைக் கொண்டு சேர்ப்பது ரவுட்டர்களின் பொறுப்பு. ஒரு ரவுட்டருக்கு முழுப் பாதையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. 'இந்த வகை முகவரி வந்தால் இந்தப் பக்கம் தள்ளு' என்ற ஒரு அட்டவணை போதும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. சில இடங்களில் இரண்டும் கலந்தே போகின்றன. பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்புக்கு டிஎன்எஸ் என்று பெயர். அதன் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களுக்குப் பெயர்கள் 13தான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சர்வர்கள் ஓடுகின்றன. ஒரே ஐபி முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவிக்கிறார்கள், உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதை ரவுட்டிங்கே தேர்ந்தெடுத்துவிடுகிறது. இதற்கு எனிகாஸ்ட் என்று பெயர். தேடும் வேலையை வழி சொல்பவரே பார்த்துவிடுகிறார்.

இரண்டுக்கும் வருகிற வியாதியும் ஒன்றுதான். கையில் இருக்கும் தகவல், எழுதிய நொடியில் உண்மையாக இருந்தது. இப்போதும் உண்மையா என்பது திரும்பக் கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் கேட்டால் நெட்வொர்க் கேள்வியிலேயே மூழ்கிவிடும், கேட்காமலே இருந்தால் காலியான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவை இந்த இழுபறியைப் பற்றியவைதான்.

கேள்வி: டேட்டாபேஸ் சர்வரை வேறு முகவரிக்கு மாற்றினோம். டிஎன்எஸ்ஸிலும் மாற்றியாயிற்று, டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்ற காலக்கெடு) 60 நொடிதான். ஆனால் ஒரே ஒரு நிரல் மட்டும் இரண்டு நாளாகப் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. டிஎன்எஸ் பொய் சொல்கிறதா?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: டிஎன்எஸ் பொய் சொல்லவில்லை. அந்த நிரல் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே இல்லை.

இதே சிக்கலில் நான் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளை போட்டுப் பார்த்தால் புது முகவரி பளிச்சென்று வருகிறது. பிரச்சினை உள்ள சர்வரிலேயே உட்கார்ந்து போட்டாலும் புது முகவரிதான் வருகிறது. எங்கள் குழுவில் எல்லோருமே 'அப்படியானால் இங்கே தப்பில்லை' என்று வேறு பக்கம் தேடப் போய்விட்டோம். விடியற்காலையில் ஒருவர், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளை போட்டார். அதில் பழைய முகவரிக்கு எட்டு இணைப்புகள், எல்லாமே 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று சாவகாசமாக இருக்கின்றன. கனெக்ஷன் பூல் (இணைப்புகளைத் திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பகுதி) பல நாட்களுக்கு முன்பு திறந்த இணைப்புகள் அவை. பழைய சர்வரை நாங்கள் இன்னும் அணைக்கவில்லை, அதனால் அவை அறுபடவும் இல்லை. டிடிஎல் என்பது பெயருக்கும் முகவரிக்கும் உள்ள உறவுக்கு மட்டும் போட்ட காலக்கெடு. திறந்து வைத்த இணைப்பை அது ஒன்றும் செய்யாது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜாவா தன் பங்குக்குத் தனியாக ஒரு கேச், அதாவது கிடைத்த பதில்களின் தற்காலிகச் சேமிப்பு, வைத்துக்கொள்கிறது. சாதாரணமாக 30 நொடிதான். ஆனால் செக்யூரிட்டி மேனேஜர் என்ற ஜாவாவின் பாதுகாப்பு ஏற்பாட்டைப் போட்டு ஓட்டிய பழைய நிரல்களில், ஒருமுறை கிடைத்த முகவரியை நிரல் நிற்கும்வரை விடவே விடாது. இப்படி ஓடும் நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினால் எல்லாம் 'தானாகவே' சரியாகிவிடும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அப்புறம், பலரும் செய்கிற ஒரு தவறு. முகவரி மாற்றும் அன்றைக்குத்தான் டிடிஎல்லையும் குறைப்பார்கள். அதுவரை 86,400 நொடி, அதாவது முழுசாக ஒரு நாள் இருந்திருக்கும். நேற்று சாயங்காலம் பழைய பதிலை வாங்கி வைத்தவருக்கு நீங்கள் இன்று குறைத்தது தெரியவே தெரியாது, இன்று சாயங்காலம்வரை அவர் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆகவே பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம் முன்கூட்டியே குறையுங்கள், அது கழிந்த பிறகு முகவரியை மாற்றுங்கள். கனெக்ஷன் பூலில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஆயுள் வரம்பு வையுங்கள், அரை மணி நேரம் என்றால்கூடப் போதும். பழைய முகவரியை உடனே வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த முகவரியில் வேறொரு டேட்டாபேஸ் வந்து உட்கார்ந்து, உங்கள் நிரல் அதில் போய் எழுத ஆரம்பித்தால் அது பெரிய விபத்து. எதிரே இருப்பவர் யார் என்று நிரூபிக்கும் டிஎல்எஸ் சான்றிதழில் பெயரைச் சரிபார்ப்பது அந்த இடத்தில்தான் காப்பாற்றும். உள் நெட்வொர்க்தானே என்று அதை அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கேள்வி: எல்லா முகவரிகளையும் ஒரே பெரிய பட்டியலாக ஓரிடத்தில் வைத்தால் என்ன? ஏன் இத்தனை சிக்கல்?
– பள்ளி ஆசிரியர்

பதில்: முதலில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரே ஒரு கோப்பு. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அவ்வப்போது தரவிறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக, கோப்பும் பெருத்தது, தரவிறக்குபவர்களும் பெருகினார்கள். உங்கள் கையில் பிரதி வந்து சேரும்போதே அது பழசாகியிருக்கும். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தது இதற்குத்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், கேட்டவர்கள் பதிலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டும் என்றார். இன்றுவரை நாம் ஓட்டுவது அதன்மேல்தான்.

ஆனால் டிஎன்எஸ்ஸுக்கும் ஒரு தலை இருக்கிறது. தலையே இல்லாமல் செய்ய முடியுமா என்ற கேள்வியைக் கோப்புப் பகிர்வு மென்பொருள்கள் கிளப்பிவிட்டன. 1999-இல் வந்த நாப்ஸ்டரில் கோப்புகள் பயனர்களின் கணினியில் இருந்தாலும் பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2001-இல் நீதிமன்ற வழக்கில் அந்தப் பட்டியலை நிறுத்த வேண்டி வந்தது, அத்தோடு மொத்தமும் நின்றது. 2000-இல் வந்த க்னுட்டெல்லா பட்டியலே வைக்கவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்பது, அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்பது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டது. ஏழு தாவல்வரை கேள்வி போகும். ஒவ்வொருவருக்கும் நாலு பேர் அறிமுகம் என்று வைத்தால், முதல் சுற்றில் 4 செய்தி, அடுத்து (கேட்டவரைத் தவிர்த்து மற்ற மூவர் வீதம்) 12, அடுத்து 36 என்று பெருகி ஏழாவது சுற்று முடியும்போது 4,372 செய்திகள். ஒரே ஒரு கேள்விக்கு! அதற்கப்புறமும் எட்டாவது தாவலில் இருக்கும் கோப்பு கண்ணில் படாது.

இதற்கு விடையாக 2001-இல் கார்டு, கேன், பேஸ்ட்ரி, டேபஸ்ட்ரி என்று நாலு வடிவமைப்புகள் அடுத்தடுத்து வந்தன. 2002-இல் மேமுன்கோவும் மாஸியெரும் காடெம்லியாவைக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் காடெம்லியாமேல் தனிப் பிரியம் உண்டு, காகிதத்தில் போட்டுப் பார்த்தால் உங்களுக்கும் வரும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். நிஜத்தில் 160 பிட், நாம் 4 பிட் எடுத்துக்கொள்வோம். இரண்டு கணினிகளுக்கு இடையே உள்ள 'தூரம்' என்பது அந்த இரு எண்களின் எக்ஸ்ஆர். அதாவது பிட்டுகள் ஒத்துப்போனால் 0, வேறுபட்டால் 1. நான் 0011, தேடுவது 1110. எக்ஸ்ஆர் போட்டால் 1101, தூரம் 13. எனக்குத் தெரிந்தவர்களில் 1001 இருக்கிறார், அவருக்கும் இலக்குக்கும் தூரம் 0111, அதாவது 7. அவரைக் கேட்கிறேன். அவருக்கு 1100-ஐத் தெரியும், தூரம் 2. அவரைக் கேட்டால் 1111-ஐக் காட்டுகிறார், தூரம் 1. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் 1110. ஒவ்வொரு தாவலிலும் இடப்பக்கத்திலிருந்து குறைந்தது ஒரு பிட் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதுதான் சூட்சுமம். அதனால் பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் 20 தாவலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், ஒரு கோடி ஆனாலும் 24 போதும். யாரும் முழுப் பட்டியலை வைத்திருக்கவில்லை. தனக்கு அருகில் இருப்பவர்களை நிறையவும், தொலைவில் இருப்பவர்களைக் கொஞ்சமாகவும் தெரிந்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அறிமுகப் பட்டியல் நிரம்பிவிட்டால் புதிதாக வந்தவரைச் சேர்க்கப் பழையவரைத் தூக்கி எறிவதில்லை. பழையவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு முறை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால்தான் எடுப்பார்கள். வெகுநேரமாக இணைப்பில் இருப்பவர் இன்னும் வெகுநேரம் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று க்னுட்டெல்லா பயனர்களை அளந்து பார்த்ததில் தெரிய வந்தது, அதை அப்படியே விதியாக்கிவிட்டார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஆர் தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நிஜத்தில் பூமியின் மறுகோடியில் இருக்கலாம். 20 தாவல், ஒவ்வொன்றும் 100 மில்லிநொடி என்றால் இரண்டு நொடி போய்விடும். ஒரு டேட்டா சென்டருக்குள் சேவைகளைத் தேடப் பொதுவாக இது தேவைப்படுவதில்லை. அங்கே முழுப் பட்டியலையே எல்லோரும் நினைவகத்தில் வைத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: வீட்டு வைஃபையில் போனைத் திறந்தால் பிரிண்டர் பெயர் தானாக வந்துவிடுகிறது. அங்கே எந்த சர்வரும் இல்லையே, யார் சொன்னது?
– ஒரு வாசகர்

பதில்: பிரிண்டரே சொன்னது. எம்டிஎன்எஸ் என்ற முறையில் உங்கள் போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 போர்ட்டில், 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று குரல் கொடுக்கிறது. அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கருவிகளின் காதிலும் அது விழும், பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும். இந்த முறையில் ஒரு நாகரிகம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திவிடக் கூடாது என்பதால், பலர் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் ஒவ்வொருவரும் 20 முதல் 120 மில்லிநொடிவரை ஏதோ ஒரு அளவு பொறுத்துப் பேசுவார்கள். கேட்பவர், 'எனக்கு ஏற்கெனவே இவர்களைத் தெரியும்' என்று கேள்வியிலேயே எழுதி அனுப்பலாம், பட்டியலில் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கிளம்புகிறவர் டிடிஎல்லை 0 என்று போட்டு விடைபெற்றுச் செல்லலாம், அதைக் கேட்டவர்கள் அவர் பெயரை அழித்துவிடுவார்கள். ஆனால் மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்கினால் விடைபெற நேரமிருக்காது. அணைத்த பிரிண்டர் சில நேரம் பட்டியலில் தொங்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: சேவைப் பட்டியலுக்கு எட்சிடி, ஜூகீப்பர் மாதிரி ஒன்றை வைப்பதா, யுரேகா மாதிரி ஒன்றை வைப்பதா என்று எங்கள் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். உங்கள் ஓட்டு எதற்கு?
– குழுத் தலைவர்

பதில்: முகவரிப் பட்டியலுக்கு மட்டும் என்றால், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, பதில் சொல்லிவிடும் ஒன்றுக்கே என் ஓட்டு.

எட்சிடியும் ஜூகீப்பரும் பெரும்பான்மை வைத்து முடிவெடுக்கின்றன. ஐந்து சர்வர் இருந்தால் மூன்று ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டு விழுந்தாலும் ஓடும், மூன்றாவது விழுந்தால் எழுதுவது நின்றுவிடும். தப்பான பதில் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்பது அவற்றின் கொள்கை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஒன்றைத் தொடும்படி போடும் பூட்டுக்கும், யார் தலைவர் என்று தேர்ந்தெடுப்பதற்கும் அது சரியான கொள்கை. நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கிய யுரேகா எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு சேவையும் 30 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், 90 நொடி சத்தமில்லை என்றால் பெயர் நீக்கப்படும். ஆனால் எதிர்பார்த்த குரல்களில் 85 சதவீதத்துக்கும் கீழே வந்தால், நீக்குவதையே நிறுத்திவிடுகிறது. ஏன் தெரியுமா? பத்தில் நாலு சேவை ஒரே நேரத்தில் செத்திருக்க வாய்ப்பு குறைவு, நடுவில் நெட்வொர்க் அறுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் பட்டியலைச் சுத்தம் செய்தால் நன்றாக இருக்கும் சேவைகளையும் சேர்த்துத் துடைத்துவிடுவோம்.

முகவரி தவறாக இருந்தால் என்ன ஆகும்? இணைப்பு கிடைக்காது, பட்டியலில் அடுத்ததை முயற்சி செய்யலாம். பட்டியலே வராவிட்டால் முயற்சி செய்ய ஒன்றுமில்லை. ஏற்கெனவே எட்சிடி ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிரலும் கடைசியாக வந்த பட்டியலைக் கையோடு வைத்துக்கொண்டு, பட்டியல் சர்வர் பதில் சொல்லாதபோது அதைத் தொடர்ந்து பயன்படுத்தும்படி செய்துவிடுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆயிரம் கணினிகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கே நெட்வொர்க் போதாதே?
– கல்லூரி மாணவர்

பதில்: எல்லோரும் எல்லோரையும் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 9,99,000 செய்திகள் ஆகும், நீங்கள் சொல்வது சரிதான். 2002-இல் வந்த ஸ்விம் முறையில் ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் ஒரே ஒருவரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். ஆக ஆயிரம் தட்டல். பதில் வரவில்லை என்றால் உடனே செத்துவிட்டதாக முடிவு கட்டுவதில்லை. 'எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் தட்டிப் பாருங்கள்' என்று வேறு சிலரிடம் சொல்கிறார்கள், ஏனென்றால் கோளாறு நடுவழியிலும் இருக்கலாம். அவர்களுக்கும் பதில் வராவிட்டால் 'சந்தேகம்' என்று ஒரு நிலை. சந்தேகப்பட்டவர் அந்த இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று மறுக்கலாம். மறுக்காவிட்டால்தான் இறந்தவர் பட்டியல். இந்தச் செய்தி தட்டல்களோடு ஒட்டிக்கொண்டு, காதோடு காதாகப் பரவுகிறது. கேட்டவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட இரட்டிப்பாவதால் பத்துச் சுற்றுச் சொச்சத்தில் ஆயிரம் பேருக்கும் தெரிந்துவிடும். கான்சல் என்ற சர்வீஸ் டிஸ்கவரி மென்பொருளின் உள்ளே இருப்பது இதன் வழிவந்த முறைதான்.

கேள்வி: கூட்டம் அதிகமானதும் மூன்று சர்வர் சேர்த்தோம். பழைய சர்வர்கள் திணறிக்கொண்டே இருக்கின்றன, புதியவை சும்மா இருக்கின்றன. வேலையைப் பங்கிடும் லோட் பேலன்ஸர் இருந்தும் ஏன்?
– சிஸ்டம் நிர்வாகி

பதில்: நிரல்கள் பேசிக்கொள்ளும் முறைகளில் ஜிஆர்பிசி அல்லது எச்டிடிபி 2 பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை ஒரே இணைப்பைத் திறந்து, ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அதற்குள்ளேயே அனுப்பும். உங்கள் லோட் பேலன்ஸர் இணைப்புகளைத்தான் பங்கிடுகிறது, கோரிக்கைகளைப் பங்கிடுவதில்லை. பழைய இணைப்புகள் உடையாதவரை புது சர்வருக்கு எதுவும் வராது. ஒன்று, சர்வர் பக்கம் இணைப்புக்கு ஆயுள் வரம்பு போட்டு அவ்வப்போது அவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்வாய் மாதிரி கோரிக்கை அளவில் பங்கிடும் ஒன்றை நடுவில் வையுங்கள்.

சரி, கோரிக்கை அளவில் பங்கிட ஆரம்பித்ததும் அடுத்த ஆசை ஒன்று வரும். 'யாருக்கு வேலை குறைவோ அவருக்கே அனுப்புவோம்.' கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐம்பது நிரல்கள், ஐந்து நொடிக்கு முன் எடுத்த ஒரே சுமைப் பட்டியலைப் பார்த்தால், ஐம்பதும் 'ஏழாம் எண் சர்வர் காலியாக இருக்கிறது' என்று மந்தையாக அங்கேயே போய் விழும். அடுத்த ஐந்து நொடி ஏழாம் எண் மூச்சுத் திணறும், அதற்கடுத்த ஐந்து நொடி வேறொன்று. தகவல் சரியாகத்தான் இருந்தது, ஐந்து நொடிக்கு முன்பு.

இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. கண்ணை மூடி இரண்டு சர்வரை எடுங்கள், அவற்றில் சுமை குறைந்ததற்கு அனுப்புங்கள். 1990-களில் அஸார், பிராடர், கார்லின், அப்ஃபால் நால்வரும், பிறகு மிட்ஸன்மாக்கரும் கணக்குப் போட்டுக் காட்டியது இது. ஒன்றை மட்டும் கண்ணை மூடி எடுப்பதைவிட இரண்டில் ஒன்றைப் பார்த்து எடுப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருகிறது. இரண்டை மூன்றாக்கினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஆளாளுக்கு வேறு வேறு இரண்டு என்பதால் மந்தையும் சேராது.

கேள்வி: குபர்நெட்டிஸில் (பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) வெளி முகவரி ஒன்றைக் கேட்டால் டிஎன்எஸ்ஸுக்கு எட்டு கேள்வி போகிறது. ஏதாவது கோளாறா?
– ஒரு வாசகி

பதில்: கோளாறு இல்லை, என்டாட்ஸ் 5 என்ற அமைப்பின் வேலை. நீங்கள் கேட்ட பெயரில் ஐந்துக்குக் குறைவான புள்ளிகள் இருந்தால் அது உள்ளூர்ப் பெயராக இருக்குமோ என்று எண்ணி, பின்னால் மூன்று வால்களை ஒவ்வொன்றாக ஒட்டிக் கேட்டுப் பார்த்து, மூன்றும் இல்லை என்றான பிறகுதான் நீங்கள் எழுதியதை அப்படியே கேட்கும். ஆக நாலு. ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என்று இரட்டிப்பதால் எட்டு. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து எழுதுங்கள், இரண்டாகக் குறைந்துவிடும்.

கேள்வி: ஆர்ஐபி (ரவுட்டர்கள் தங்கள் தூரங்களைப் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும் முறை) ஏன் 15 தாவலுக்கு மேல் போகாது?
– டிப்ளமோ மாணவர்

பதில்: பழைய பேச்சு சுற்றிச் சுற்றி வருவதை எங்கேயாவது நிறுத்த வேண்டும் என்பதற்காக. அ, ஆ, இ என்று மூன்று ரவுட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசி இ-யோடு ஒரு நெட்வொர்க் ஒட்டியிருக்கிறது. அதன் தூரம் இ-க்கு 1, ஆ-வுக்கு 2, அ-வுக்கு 3. இப்போது ஆ–இ கம்பி அறுந்துவிட்டது. ஆ அதை அறிவிப்பதற்குள், அ வழக்கம்போல 'எனக்கு அது 3 தூரத்தில் இருக்கிறது' என்கிறது. 'ஓ, அ வழியாகப் போகலாம் போலிருக்கிறதே' என்று ஆ தன் அட்டவணையில் 4 என்று எழுதிக்கொள்கிறது. அ சொன்னது ஆ-விடமே முன்பு கேட்டது என்பது ஆ-வுக்குத் தெரியாது. தான் சொன்னதே தன் காதில் திரும்பி விழுகிறது. பிறகு அ 5 என்கிறது, ஆ 6 என்கிறது, 30 நொடிக்கு ஒருமுறை இப்படியே ஏறிக்கொண்டு போகும். 16 வந்தால் 'போக வழியில்லை' என்று பொருள் வைத்துவிட்டார்கள். யாரிடம் கற்றாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்ற விதியையும் சேர்த்தார்கள். ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு ரவுட்டிங் முறை இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒவ்வொரு ரவுட்டரிடமும் முழு வரைபடத்தைக் கொடுத்து, குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா முறையில் தானே கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது.

கேள்வி: 2021-இல் ஃபேஸ்புக் மொத்தமாகக் காணாமல் போனதே, அது டிஎன்எஸ் கோளாறா, ரவுட்டிங் கோளாறா?
– ஒரு வாசகர்

பதில்: அக்டோபர் 4 அன்று பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி இருந்தது: டேட்டா சென்டரோடு பேச முடியவில்லை என்றால், 'நான் ஆரோக்கியமாக இல்லை' என்று பிஜிபி அறிவிப்பை, அதாவது 'என் முகவரிக்கு இந்த வழியாக வரலாம்' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சர்வர் கெட்டால் அருமையான விதி. அன்று எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் தன்னைத்தானே கெட்டதாக நினைத்து வரைபடத்திலிருந்து விலகிக்கொண்டன. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றுக்குப் போக உலகத்தில் வழிதான் இல்லை. சரிசெய்யப் பயன்படும் உள் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் நேரில் போக வேண்டி வந்தது. சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று. மேலே யுரேகாவின் 85 சதவீத விதியைச் சொன்னேனே, அதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: நாலே நாலு சேவை வைத்திருக்கிறோம். சேவைகளுக்கு இடையே போகும் கோரிக்கைகளையெல்லாம் நடுவில் நின்று கையாளும் சர்வீஸ் மெஷ் போடலாமா?
– சிறு நிறுவன நிர்வாகி

பதில்: வேண்டாம். டிஎன்எஸ் போதும். நாற்பது ஆகும்போது எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை புதுப் பதிப்பு ஏற்றும்போதும் ஓரிரு நொடி சிலருக்கு மட்டும் பிழை வருகிறது. பழகிப்போய்விட்டோம். இதைச் சரிசெய்ய முடியுமா?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: தயவுசெய்து பழகிப்போகாதீர்கள், முழுசாகச் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. குபர்நெட்டிஸில் ஒரு 'பாட்'டை (நிரல் ஓடும் ஒரு அலகு) நிறுத்தும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று, நிரலுக்கு 'சிக்டெர்ம்', அதாவது 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை போகிறது. இன்னொன்று, பட்டியலிலிருந்து அதன் முகவரியை நீக்கும் செய்தி எல்லாக் கணினிகளுக்கும் பரவுகிறது. முதலாவது உடனே போய்ச் சேரும், இரண்டாவது சேர ஓரிரு நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் நிரல் கடையை மூடிவிட்டது, பழைய பட்டியல் வைத்திருப்பவர்கள் இன்னும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பிழை பார்த்தது அவர்கள்தான்.

சிக்டெர்முக்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப் என்ற கட்டத்தில் ஐந்து முதல் பத்து நொடி தூக்கம் (காத்திருப்பு) போடுங்கள். அந்த நேரம் முழுக்க நிரல் வழக்கம்போலப் புதுக் கோரிக்கைகளை வாங்கிப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் சிக்டெர்ம் வந்ததும் புதிதாக எதையும் வாங்காமல், கையில் இருப்பதை மட்டும் முடித்துவிட்டு வெளியேறட்டும். எல்லாம் சேர்த்து 30 நொடிக்குள் முடிய வேண்டும், அதைத் தாண்டினால் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். உங்கள் கோரிக்கைகள் நீளமானவை என்றால் அந்த வரம்பையும் கூட்டி வையுங்கள். செய்து பார்த்துவிட்டு, ஓட்டத்தின் நடுவில் பத்து முறை புதுப் பதிப்பு ஏற்றி, பிழை எண்ணிக்கை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.